ஆள் வந்து நிற்க வேண்டும்

காலையில் எழுந்ததும் சுடர்க்கொடி முதலில் கணவனின் மூச்சைக் கேட்பாள். செவ்வாய்க் கிரகத்தின் செம்பாலைக் குடியிருப்பில் பாதிக் குடும்பங்களின் வழக்கம் அதுதான். வடக்கே பனிக்குழியில் ஐஸ் வெட்டப் போகிறவர்களின் நெஞ்சுக்குள் மூச்சளவி என்றொரு சின்னக் கருவியை வைத்துத் தைத்துவிடுவார்கள். விடியும்போது அது கொஞ்ச நேர மூச்சைப் பதிந்து வீட்டுக்கு அனுப்பும். சிலர் அதைக் கேட்டுக்கொண்டே பல் தேய்ப்பார்கள், சிலர் தோசை ஊற்றுவார்கள். மூச்சு சீராக இருந்தால் அன்றைக்கு அழைத்துப் பேசக்கூட மாட்டார்கள். ஆள் நன்றாக இருக்கிறான், பிறகு என்ன பேச்சு?

சுடர்க்கொடியால் அப்படி இருக்க முடியவில்லை. வைரவனின் மூச்சில் சில மாதங்களாக ஒரு விசில் சேர்ந்திருந்தது. முதலில் மெலிதாக இருந்தது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு முனகல் முனகுமே, அதைப் போல. இப்போது மூச்சை இழுக்கும்போதும் கேட்கிறது, விடும்போதும் கேட்கிறது. செவ்வாயின் தூசி மைதா மாவைவிட நைசு. எத்தனை வடிகட்டி வைத்தாலும் பனிக்குழிக்குள் கொஞ்சம் புகுந்துவிடும். நுரையீரலுக்குள் போனது வெளியே வராது. அங்கிருந்த மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: தூசிக் காலம் வந்தால் வடக்குப் பாதையை மூடிவிடுவார்கள், அதற்குள் இவரை ஊருக்குள் மாற்றிவிடுங்கள், இன்னொரு தூசிக் காலத்தை இந்த நுரையீரல் தாங்காது.

வாரியத்தின் உத்தரவு இல்லாமல் பனிக்குழி ஆள் ஊருக்குள் தங்க முடியாது. இடமாற்ற மனு போட்டாயிற்று. போட்டு ரொம்ப நாளும் ஆயிற்று. அது குடியேற்ற வாரியத்தின் இடமாற்றப் பிரிவில் இருந்தது. அதே வாரியத்தில், அதே மாடியில், நாலு மேஜை தள்ளித்தான் சுடர்க்கொடியும் வேலை பார்த்தாள். மனிதன் பூமியை விட்டு இத்தனை கோடி மைல் வந்து குடித்தனம் நடத்துகிறான், அவன் போட்ட மனு நாலு மேஜை தாண்டவில்லை. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன சொல்ல!

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் அவள் பிரிவின் கண்காணிப்பாளர் ஆவுடையப்பனிடமே போய்க் கேட்டாள். ஆவுடையப்பனின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முதல் கப்பலில் வந்து இறங்கியது. அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் செம்பாலையில்தான். தாமிரபரணியைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனாலும் பேச்சு மட்டும் ஊரை விட்டு அசையவில்லை.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர் மனு என்னாச்சு?"

"இருக்கும்மா, எங்கிட்டதான் இருக்கு. ஆளு வரலியே?"

"அவர் எப்படி அண்ணாச்சி வருவார்? அங்கேர்ந்து ரெண்டு நாள் பயணம். மூச்சு முடியலைன்னுதானே மனுவே போட்டிருக்கார்."

"அது சரிதான் தாயி, நான் இல்லன்னு சொல்லலியே. ஆனா ஆளு ஒரு தடவ வந்து நின்னாருன்னு வையி, நமக்கும் மனசுல நிக்கும் பாத்துக்கோ. மனு ஆயிரம் வருது. எது நெசம், எது சும்மான்னு நான் எதக் கண்டேன்? நெசமாவே கஷ்டம்னா வந்து நிப்பாம்லா?"

"அவருக்குப் பதிலா நான் நிக்கிறேன்."

"நீ நின்னா எப்படி? நீ நம்ம ஆபீஸு. உன் மூஞ்சியப் பாத்துச் செஞ்சேன்னு எவனாவது மொட்டக் கடுதாசி போட்டுருவான். அவரையே ஒரு எட்டு வந்துட்டுப் போவச் சொல்லு."

ஒரு எட்டாம்! ரெண்டு நாள் தூசிப் பயணம் அவருக்கு ஒரு எட்டு. சுடர்க்கொடிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனால் ஆவுடையப்பனை மட்டும் திட்டிப் பயனில்லை. வாரியம் முழுக்க அப்படித்தான். லஞ்சம் கிடையாது, யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். வந்து நின்றால் தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள், "சாப்பிட்டாச்சா?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள், "மதியத்துக்கு மேல பாப்போம்" என்பார்கள், மதியத்துக்கு மேல் உண்மையாகவே பார்த்து முடித்தும் கொடுத்துவிடுவார்கள். உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டுவதற்காகப் பூமியில் ஆண்டுதோறும் கம்பை ஊன்றிக்கொண்டு அலுவலக வாசலில் வந்து நின்ற ஓய்வூதியக்காரர்களின் சந்ததிதானே இவர்களும்? வேறு எதை மறந்தாலும் அதை மறப்பார்களா?

அன்றைக்குத்தான் சுடர்க்கொடிக்கு, வாரியத்துக்குப் புதிதாக வந்திருந்த ஓர்மை என்ற கருவியின் மேல் பக்தியே வந்தது.

அதுவரை ஓர்மை அவளுக்கு வேலை, அவ்வளவே. அவள் வாரியத்தின் ஏற்பு அலுவலர். பூமியிலுள்ள தலைமையகம் புதிதாக ஒரு தகவல் கருவியை அனுப்பினால் அதை ஊழியர்கள் நிஜமாகவே பயன்படுத்துகிறார்களா, அல்லது தலையாட்டிவிட்டுப் பழையபடியே நடக்கிறார்களா என்று பார்த்து ஏற்பு விகிதத்தை அனுப்புவது அவள் பொறுப்பு. நன்றி கெட்ட உத்தியோகம். பூமியில் இருப்பவர்களுக்கு அவள் மெத்தனக்காரி, ஊழியர்களுக்கு அவள் உளவாளி.

ஓர்மைக்கு முன்னால் நெறி என்றொரு கருவி வந்தது. வாரியத்தின் சட்டங்கள், விதிகள், திருத்தங்கள் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்த கருவி. ஒரு பிழை சொல்ல முடியாது. ஆனால் ஊழியர்கள் வேலையை வாய்வார்த்தையிலேயே முடித்துவிட்டு, சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில் அதன் முன்னால் உட்கார்ந்து அன்றைய விவரங்களை உள்ளே தள்ளுவார்கள். "நெறிக்குப் படையல் போட்டாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். கடைசியில் பொங்கலுக்கு எத்தனை நாள் லீவு என்று பார்ப்பதைத் தவிர வேறு எதற்கும் யாரும் அதைத் தொடவில்லை.

கருவி செய்கிறவர்களுக்கு அப்போதுதான் புத்தி வந்தது. அலுவலகம் விதிப்படி நடப்பதில்லை, ஆகவே விதியைப் படித்த கருவியை அலுவலகம் ஏற்காது என்று புரிந்துகொண்டார்கள். ஓர்மைக்கு ஒரு விதியும் சொல்லித் தரவில்லை. அதற்குப் பதிலாகக் கடுகளவு செவித்துளி ஒன்றை ஒவ்வொரு ஊழியரின் காதுக்குப் பின்னாலும் பதித்தார்கள். கற்றல் பருவம் முழுக்க ஓர்மை அதன் வழியே கேட்டுக்கொண்டே இருக்கும். யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எந்தச் சொல்லுக்குப் பிறகு வேலை நகர்ந்தது, எது அப்படியே கிடந்தது என்று பார்த்துப் பார்த்து, எது முக்கியம், எது சும்மா என்று தானே தெரிந்துகொள்ளும். பருவம் முடிந்ததும் முடிவுகளை அதுவே எடுக்கும். ஊழியர்கள் மேற்பார்வை பார்த்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனைதான். ஒருவர் விடாமல் எல்லோரும் செவித்துளி அணிய வேண்டும். நூற்றுக்கு நூறு இல்லையென்றால் ஓர்மையைத் தொடங்க மாட்டோம் என்று தலைமையகம் கறாராகச் சொல்லிவிட்டது.

சுடர்க்கொடி கணக்குப் போட்டாள். இயந்திரத்துக்கு முகம் பார்க்கத் தெரியாது, சாப்பிட்டாச்சா என்று கேட்கத் தெரியாது, மொட்டைக் கடிதத்துக்குப் பயப்படத் தெரியாது. மருத்துவர் எழுதியதை அது படிக்கும், மூச்சளவியின் சத்தத்தை அது கேட்கும், வைரவனை ஊருக்குள் மாற்றிவிடும். தூசிக் காலத்துக்கு முன்னால் ஓர்மை தொடங்கிவிட்டால் போதும். காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவள் போல அவள் மாடி மாடியாக ஓடினாள்.

நம் ஆட்கள் லேசில் மசிவார்களா? பதிவுப் பிரிவு ரெஜினா காதைத் தலைமுடியால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்க வீட்ல மாமியார் காது ஒண்ணு இருக்கு, அதுவே எனக்குப் போதும். ஆபீஸ்லயும் இன்னொரு காதா? ஆளை விடு கொடி."

"அக்கா, இது யாரையும் போட்டுக் குடுக்காது. நீங்க எப்படி வேலை பாக்குறீங்கன்னு கத்துக்கும். அப்புறம் அதுவே பாத்துரும், நீங்க நிம்மதியா உக்காரலாம்."

"நிம்மதியா உக்காந்தா அப்புறம் நாங்க எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?"

சுடர்க்கொடி கெஞ்சிக் கூத்தாடி ரெஜினாவை இணங்க வைத்தாள். தண்ணீர்ப் பிரிவில் ஒரு புண்ணியவான் தன் செவித்துளியைப் பிய்த்து டீ போடும் இயந்திரத்தின் பின்னால் ஒட்டி வைத்திருந்தான். ஓர்மை பல நாள் உஸ் உஸ் என்ற சத்தத்தை மட்டும் பயபக்தியோடு கற்றுக்கொண்டிருந்தது. அதையும் கண்டுபிடித்து அவன் காதில் திருப்பிப் பதிக்க வைத்தாள். ஒவ்வொருவராக வழிக்கு வந்தார்கள். இடமாற்றப் பிரிவிலும் எல்லோரும் அணிந்தார்கள், ஆவுடையப்பன் உட்பட.

ஆனால் ஆவுடையப்பனுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை நரம்பை செவித்துளி உரசியதோ என்னவோ, தலை சுற்ற ஆரம்பித்தது. சிலருக்கு அப்படி ஆகும் என்று தயாரித்தவர்களே சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் காலை அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு மேஜையாகப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நடந்து சுடர்க்கொடியின் முன்னால் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"தாயி, இத எடுத்துருதேன். முடியல. கண்ண மூடுனா கட்டில் சுத்துது, தொறந்தா ஆபீஸு சுத்துது. எனக்கு மட்டும் விலக்கு எழுதிக் குடுத்துரு."

சுடர்க்கொடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குக் காலையில் கேட்ட விசில் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. இவர் ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் நூறு இல்லை. நூறு இல்லையென்றால் ஓர்மை இல்லை. ஓர்மை இல்லையென்றால் வைரவன் அங்கேயேதான். தவிர, வந்து நின்றால் பார்ப்பேன் என்று சொன்ன மனிதர் இன்றைக்குத் தானே வந்து நிற்கிறார் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் குரூரமான திருப்தியும் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

"அண்ணாச்சி, உங்க சீட்லேர்ந்து இங்க வரைக்கும் நடந்து வந்திருக்கீங்க. தலை சுத்துற ஆள் இப்படி வர முடியுமா? நல்லாத்தானே இருக்கீங்க. அப்புறம் என்ன?"

ஆவுடையப்பன் எதிரில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிதானப்படுத்திக்கொண்டார். பிறகு வந்த மாதிரியே மேஜைகளைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். சற்று நேரத்தில் அவர் குப்பைக் கூடையில் வாந்தி எடுக்கிற சத்தமும், ரெஜினா தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுகிற சத்தமும் கேட்டன. சுடர்க்கொடிக்கு நெஞ்சு உறுத்தியது. இன்னும் கொஞ்ச நாள்தானே, பருவம் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் காதுக்குப் பின்னாலிருந்த செவித்துளி எல்லாவற்றையும் போல இதையும் கேட்டுக்கொண்டது.

பருவம் முடிந்தது, நூறும் வந்தது. தலைமையகம் சுடர்க்கொடிக்குப் பாராட்டு அனுப்பியது. எல்லோருடைய செவித்துளிகளையும் எடுத்துவிட்டு, கேசரி கிண்டிக் கொடுத்து ஓர்மையைத் தொடங்கினார்கள். கூடத்தின் நடுவில் பேசுமுகம் என்று ஒரு பளபளப்பான பலகை நின்றது. ஓர்மை அதன் வழியாகப் பார்க்கும், பேசும். அதற்கு ஒரு வேடிக்கையான குணம் இருந்தது. எந்தக் காரியத்தை யாரிடமிருந்து கற்றதோ, அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரலிலேயே பேசும். ஊழியர்கள் தங்களையே அதில் கேட்டால் அன்னியமாகத் தோன்றாது, சீக்கிரம் ஏற்பார்கள் என்று அப்படிச் செய்திருந்தார்கள். பதிவுச் சான்று கேட்டால் ரெஜினாவின் குரலில் சலித்துக்கொண்டது. ரெஜினாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை. "ஐயோ, நான் இப்படியா பேசுறேன்?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

வேலைகளும் மடமடவென்று நடந்தன. தண்ணீர்க் குழாய் மாறியது, வீடு ஒதுக்கீடு நடந்தது, இடமாற்றங்கள்கூட வந்தன. சுடர்க்கொடி தினமும் காலையில் மூச்சைக் கேட்டுவிட்டு ஓட்டமாக அலுவலகத்துக்கு வந்து, வைரவனின் பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். வரவில்லை. அவனைவிடப் பிந்தி மனு போட்டவர்களுக்கெல்லாம் வந்தது. அவர்கள் எல்லோரும் ஊருக்குள் இருப்பவர்கள் என்பது அவளுக்கு முதலில் உறைக்கவில்லை. பேசுமுகத்தின் முன்னால் ஒரு வரிசை உருவாகியிருந்தது. வீட்டிலிருந்தே மனு அனுப்பலாம் என்று அறிவித்த பிறகும் ஏன் இத்தனை பேர் வந்து நிற்கிறார்கள் என்று அவள் எரிச்சலோடு பார்த்தாள். அவர்களை யாரும் வரச் சொல்லவில்லை. வந்தால் நடக்கிறது என்பது ஊருக்குள் எப்படியோ தெரிந்துவிட்டது. நம் மக்களுக்கு இதையெல்லாம் சொல்லியா தெரிய வேண்டும்?

கடைசியில் ஒரு நாள் அவளே பேசுமுகத்தின் முன்னால் போய் நின்று கேட்டாள். "வைரவன், வடக்குப் பனிக்குழி. இடமாற்ற மனு என்ன ஆச்சு?"

"இருக்கும்மா, எங்கிட்டதான் இருக்கு. ஆளு வரலியே?" என்றது பேசுமுகம்.

சுடர்க்கொடி வெடுக்கென்று திரும்பிப் பார்த்தாள். ஆவுடையப்பன் தன் இருக்கையில் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

அவள் விளக்கம் கேட்டாள். ஓர்மை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னது. கற்றல் பருவத்தில் இந்த வாரியத்தில் நகர்ந்த மனுக்களை எல்லாம் பார்த்தேன், மனுதாரர்கள் அநேகமாக எல்லோரும் நேரில் வந்து நின்றிருந்தார்கள். நகராத மனுக்களைப் பார்த்தேன், அவர்கள் வரவில்லை. மருத்துவர் எழுதியது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே இங்கே தேவை என்பது வந்து நிற்பதால் உறுதியாகிறது. வைரவனின் தேவை இன்னும் உறுதியாகவில்லை.

"அவரோட மூச்சளவியக் கேளு! இப்பவே கேளு!" என்று சுடர்க்கொடி கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேட்டேன். விசில் இருக்கிறது. இந்த அலுவலகத்தில் மனுவோடு வந்த மூச்சளவிப் பதிவை யாரும் ஒரு முறைகூடப் போட்டுக் கேட்டதில்லை. எனவே அது முக்கியமானதல்ல."

ஆவுடையப்பன் எழுந்து வந்தார். செவித்துளி எடுத்த பிறகும் அவருக்கு நடையில் லேசான தள்ளாட்டம் மிச்சமிருந்தது. "அந்த மனுவ எங்கிட்டக் குடு. நான் கையெழுத்துப் போட்டு விட்டுருதேன்" என்றார் பேசுமுகத்தைப் பார்த்து.

கண்காணிப்பாளரின் கையெழுத்து இப்போது செல்லாது என்று அது மரியாதையாகச் சொன்னது. ஊழியர்கள் கள்ளத்தனமாகப் பழைய வழிக்குத் திரும்பிவிடக் கூடாது என்று அந்த அதிகாரத்தை நீக்கச் சொல்லித் தலைமையகத்துக்கு எழுதியவளே சுடர்க்கொடிதான். ஆவுடையப்பனுக்கும் அது தெரியும். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. "என்னம்மா செய்ய?" என்று மட்டும் கேட்டார்.

அவள் தலைமையகத்துக்கு அவசரச் செய்தி அனுப்பினாள். ஓர்மை தவறாகக் கற்றுவிட்டது, உடனே திருத்துங்கள் என்று. பதில் வந்தது. ஓர்மையின் முடிவுகளையும் செம்பாலை ஊழியர்களின் பழைய முடிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தோம், அச்சு அசலாகப் பொருந்துகின்றன, இப்படி ஒரு முழுமையான ஏற்பு எந்தக் குடியிருப்பிலும் நடந்ததில்லை, உங்கள் அனுபவத்தை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், திருத்தம் தேவையென்றால் இன்னொரு கற்றல் பருவம் வைக்கலாம் என்று அதில் இருந்தது. இன்னொரு பருவமாம். வடமேற்கில் வானம் ஏற்கெனவே தூசியில் பழுக்க ஆரம்பித்திருந்தது.

வேறு வழியில்லாமல் அவள் வைரவனை அழைத்தாள்.

"ஒரே ஒரு தடவ வந்து நின்னா முடிஞ்சுரும்ங்க. உங்களால முடியுமா?"

அவன் இருமி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "டாக்டரு வண்டியில போகக் கூடாதுங்கறாரு. வழியெல்லாம் தூசி. என்ன பண்றது? வந்துட்டா அப்புறம் அங்கயே இருக்கலாம்ல?"

"ஆமாங்க. அங்க திரும்பவே வேணாம்."

"அப்ப வர்றேன் கொடி. நீ அழாத."

அவன் ஏறியது, வடக்குப் பாதையை மூடுவதற்கு முன்னால் ஊருக்கு வந்து திரும்புகிற கடைசி ஊர்தி. வழியிலிருந்து வந்த மூச்சை சுடர்க்கொடி காலையில் கேட்டாள். விசில் இப்போது விசிலாக இல்லை, கிழிந்த துணி காற்றில் அடிப்பது போலிருந்தது. தோசைக்கல்லை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இதற்கு நாமே காரணமாகிவிடுவோமோ என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது.

வைரவன் வந்து இறங்கியபோது ஆள் பாதியாக இருந்தான். வீட்டுக்குக் கூட்டிப் போய் ஆவி பிடிக்க வைத்தாள், நெஞ்சை நீவிவிட்டாள், அரை நாள் மூச்சு தாங்குகிற மருந்தை முகமூடியில் வைத்து இழுக்கச் சொன்னாள். பிறகு அவன் குளித்தான். பெட்டியிலிருந்து வெளுத்து மடித்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான், தலையைப் படிய வாரினான். அதிகாரி முன்னால் போய் நிற்கும்போது அழுக்கும் இருமலுமாகவா நிற்பது? அவன் வளர்ந்த விதம் அப்படி. அவளும் அவன் முகத்தைத் துடைத்து, கொஞ்சம் பவுடர் போட்டுவிட்டு, காலரைச் சரிசெய்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருமை அவ்வளவாகத் தெரியவில்லை.

வரிசையில் அவள் அவன் தோளைப் பிடித்திருந்தாள். முறை வந்ததும் அவன் அவள் கையை மெல்ல விலக்கினான்.

"விடு. நேரா நிக்கிறேன்."

நின்றான். கையைக் கட்டிக்கொண்டு, இருமலை உதட்டுக்குள் கடித்துக்கொண்டு, புன்னகையோடு நின்றான்.

"வாங்க வாங்க. சாப்பிட்டாச்சா? மதியத்துக்கு மேல பாப்போம்" என்றது பேசுமுகம்.

மதியம் வரை கூடத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ரெஜினா சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆவுடையப்பன் ஒன்றிரண்டு முறை அருகில் வந்து, பேசுமுகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கையோடு கொண்டுவந்திருந்த முகமூடியில் மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. வெளியே ஊர்திக் கூடத்தில் பனிக்குழிக்குத் திரும்புகிறவர்களை ஏறச் சொல்லி மணி அடித்தார்கள். அது தனக்கில்லை என்ற நினைப்பில் வைரவன் சுடர்க்கொடியைப் பார்த்து லேசாகச் சிரித்தான். பிறகு அவன் பெயரை அழைத்தார்கள். எழுந்து போய் மறுபடியும் அதே மாதிரி நிமிர்ந்து நின்றான்.

"மனுதாரர் நேரில் வந்திருக்கிறார். எனவே மனு எடுத்துக்கொள்ளப்படுகிறது" என்றது ஓர்மை.

சுடர்க்கொடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பேசுமுகம் ஒரு கணம் நிறுத்தியது. மீண்டும் பேசியபோது அதன் குரல் மாறியிருந்தது. ஒரு பெண்ணின் குரல். பொறுமையான, கொஞ்சம் களைத்த, வேலை மும்முரத்தில் இருக்கிற ஒரு பெண்ணின் குரல்.

"பனிக்குழிலேர்ந்து இங்க வரைக்கும் வந்திருக்கீங்க. மூச்சு முடியாத ஆள் இப்படி வர முடியுமா? நல்லாத்தானே இருக்கீங்க. அப்புறம் என்ன?"

மனு நிராகரிக்கப்பட்டது என்ற எழுத்து பலகையில் தெரிந்தது. வைரவன் அதைப் படிக்கவில்லை. அந்தக் குரல் அவனுக்கு நன்றாகத் தெரிந்த குரல். திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"கொடி, நீயா பேசுனே?"

அவள் வாயைத் திறந்தாள், இல்லை என்று சொல்ல வரவில்லை. அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த இருமல் அவனுக்கு அப்போது தொடங்கியது. அவன் குனிந்து பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினான், நிறுத்தவே முடியவில்லை. ஊர்திக்கூடத்தில் இரண்டாவது மணி அடித்தது. பின்னால் நின்றவர்களுக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது.